சீராகப் போன பழைய ஃப்ரிட்ஜ்

போன வருடத்துக்கு முந்தின வருடம், வெயில் ஏற ஆரம்பித்த நேரம். விருத்தாசலத்தில், பீங்கான் ஃபியூஸ் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் நான், கரண்டைக் குடித்துத் தீர்த்த எங்கள் பழைய ஃப்ரிட்ஜுக்கு விடை கொடுக்க முடிவு செய்தேன். ஃபைவ் ஸ்டார் ஃப்ரிட்ஜ் வாங்கினால் கரண்டும் மிச்சம், பூமிக்கும் நல்லது என்று வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுத்து, வாங்கியும் விட்டேன்.

கடைக்காரர் பழையதை எக்ஸ்சேஞ்சில் கேட்டார். ஓடுகிற பொருளை உடைத்துக் குப்பையாக்க எனக்கு மனசு வரவில்லை. ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் என் நாத்தனாரிடம் ஃப்ரிட்ஜ் கிடையாது. புருஷன் கேரளாவில் கூலி வேலை. இவள் மிதி மெஷினில் ஜாக்கெட் தைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறாள். பழசைத் தள்ளிவிட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாதே! மஞ்சள், குங்குமம் வைத்து, பழத்தட்டோடு அண்ணன் வீட்டுச் சீர் என்று குட்டி யானை வண்டியில் ஏற்றி அனுப்பினேன். தெருவே வேடிக்கை பார்த்ததாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் பில் இறங்கியது. பார்த்தவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டேன்.

மறு வருடம் ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போனபோது அவள் வீட்டுக்கும் போனேன். முட்டி வீங்கியிருந்தது. அப்படியே மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். மெஷினுக்கு மோட்டார் போட அவள் சீட்டுக் கட்டி வந்தது எனக்குத் தெரியும். என்ன ஆயிற்று என்று கேட்டேன். பேச்சை மாற்றி, ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். உள்ளே தண்ணீர் பாட்டில்களைத் தவிர ஒன்றும் இல்லை.

ஜாக்கெட் வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்தான் போட்டு உடைத்தாள். "முன்னெல்லாம் ஃப்ரீ யூனிட்டுக்குள்ளயே முடிஞ்சிரும், பில்லே வராதுங்க. இந்தப் பொட்டி வந்ததுலேர்ந்து சீட்டுப் பணம் பூரா கரண்டுக்குத்தான் போவுது."

நாத்தனார் அவளை முறைத்தாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆஃப் பண்ணி வைத்திருக்கலாமே என்றேன்.

"அண்ணன் வூட்டு சீரு அண்ணி. நிறுத்திப் போட்டா பாக்கறவங்க என்ன பேசுவாங்க? அண்ணன்தான் என்ன நெனைச்சுக்கும்?"

திருப்பி எடுத்துப் போகிறோம் என்றதற்கும் சம்மதிக்கவில்லை. சீரைத் திரும்ப வாங்கினால் உறவே அறுந்த மாதிரி என்று அழுதாள். கடைசியில் என் கணவர் போய், அண்ணனாகச் சொல்கிறேன் என்று தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் அது நின்றது. மோட்டாரும் வாங்கிக் கொடுத்தோம். ஆனால் கெட்ட முட்டி கெட்டதுதான். மாடிப்படி ஏற இன்றைக்கும் அவளால் முடிவதில்லை.

இப்போதும் எங்கள் பில் குறைவாகத்தான் வருகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், நான் மிச்சம் பிடித்ததாகப் பீற்றிக்கொண்ட கரண்டுக்கு ஒரு வருடம் முழுக்க அவள்தான் வலிக்கிற காலால் மிதித்து மிதித்துப் பணம் கட்டினாள் என்பது மனசை அறுக்கிறது.