இருபதடி முற்றத்தில் ஐம்பத்தாறு இலை

கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவன் நான். ஆனாலும் இருபடிச் சமன்பாடு என்கிறார்களே, அதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அப்போது கல்யாணப் பந்தல் போடுவதுதான் என் தொழில். ஆனையூரில் ஒரு கணக்கு வாத்தியார் மகளுக்குக் கல்யாணம். மதுரை மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் தினமும் சைக்கிளில் போய்வருவார். அந்த சைக்கிளுக்கு மணி கிடையாது. அவர் இருமினால் மாடு விலகும். அது கிடக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு அலங்காநல்லூர் பக்கம். ஐம்பத்தாறு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அத்தனை பேரும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தாக வேண்டும். ஒருவர் நின்றுவிட்டாலும் பெண்ணுக்குக் காலமெல்லாம் சொல்லிக்காட்டுவார்கள். வீட்டு முற்றமோ முப்பதடிக்கு இருபதடி.

வாத்தியார் கரிக்கட்டியை எடுத்துச் சுவரில் கட்டம் போட்டார்.

“ஆளுக்கு ரெண்டடிக்கு மூணடி. ஐம்பத்தாறு பேருக்கு முந்நூத்தி முப்பத்தாறு சதுர அடி. அதைச் சுத்தி நாலு பக்கமும் ஒரே அகலத்துல பாதை விடணும். எம்புட்டு விடலாம்னு இப்பப் பாரு.”

பாதையின் அகலத்துக்கு ஓர் எழுத்து வைத்தார். நீளத்தில் இரண்டு பக்கமும், அகலத்தில் இரண்டு பக்கமும் அதைக் கழித்துப் பெருக்கினார். கணக்கு கீழே இறங்கிக்கொண்டே போனது.

அவர் வீட்டம்மா எட்டிப் பார்த்தார். “வெள்ளையடிச்சு நாலு நாளாகல. பள்ளிக்கூடத்துலதான் பலகை குடுத்திருக்காகளே.”

வாத்தியார் திரும்பவில்லை. “மூணடி. இல்லாட்டி இருபத்திரண்டடி.”

“இருபதடி முத்தத்துல இருபத்திரண்டடிப் பாதையாய்யா?” என்றேன் நான்.

“அது ஆகாத விடை. தள்ளிரணும்.”

“தள்ளுறதுக்கு எதுக்குக் கண்டுபிடிச்சீக?”

“அது தன்னால வருதுப்பா. என் மச்சினன் மாதிரி.”

மூன்றடி விட்டுக் கயிறு பிடிக்கப்போனபோதுதான் எனக்கு உறைத்தது.

“ஏன்யா, இந்தப் பாதையில யாரு நடக்கப் போறா?”

“பரிமாறுறவுக.”

“இது முதுகுப் பக்கமுல்ல. இலை முன்னாடில்ல இருக்கு.”

சுவரைப் பார்த்தார், முற்றத்தைப் பார்த்தார். “கணக்கு சரிதானப்பா.”

“கணக்கு சரிதான்யா. சோறு அந்த வழியா வராது.”

கயிற்றை அவிழ்த்தேன். சுவரோரம் இரண்டு வரிசை, நடுவில் முதுகோடு முதுகாக இரண்டு வரிசை. வரிசைக்குப் பதினாலு இலை. நான்கு வரிசைக்கும் பன்னிரண்டடி போக மீதி எட்டடி. நாலடி நாலடியாக இரண்டு பாதை. வாசல் பக்கம் உள்ளே நுழைய இரண்டடி மிச்சம். வாத்தியார் வரிசை வரிசையாக நடந்து எண்ணினார். பிறகு இரண்டாம் தடவையும் எண்ணினார்.

கல்யாணத்தன்று ஐம்பத்தாறு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது பார்த்து மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து நின்றார், ஐம்பத்தேழாவது ஆளாக. நல்ல கனத்த சரீரம். வாத்தியார் மறுபடி இலைகளை எண்ண ஆரம்பித்தார். உள்ளே நுழைகிற அந்த இரண்டடி வழியிலேயே பாயைப் போட்டேன்.

“மாமாவுக்கு இங்கதான் காத்து வரும். உக்காருங்க.”

உட்கார்ந்தார். வழி அடைத்துக்கொண்டது. ரசவாளியோடு உள்ளே இருந்த வாத்தியார் அங்கேயே மாட்டிக்கொண்டார். சோறும் கறியும் மாமன் தலைக்கு மேலாகக் கைமாறி உள்ளே போயின. அவர் மூன்று தடவை மோர் வாங்கினார். அவர் எழுந்திருக்கும்வரை வாத்தியார் ஒவ்வொரு இலையாகக் குனிந்து, “இன்னுங் கொஞ்சம் ரசம்?” என்று கேட்டபடியே சுற்றிச் சுற்றி வந்தார்.

பெண்ணின் அப்பா இப்படி நின்று கவனித்ததை நாங்கள் எங்கும் பார்த்ததில்லை என்று வண்டி ஏறும்போது சம்பந்தி வீட்டார் சொல்லிவிட்டுப் போனார்கள்.