வளர்ற பிள்ளைக்கு ஒரு துவக்கு

கனடாவுக்கு வந்து நாலு வருசத்தில நாங்கள் கடையில புதுசா வாங்கின முதல் பெரிய சாமான் ஒரு துவக்கு, சுடுற துவக்கு. கட்டில் ஆரோ விட்டிட்டுப் போனது. சோபா, குப்பை போடுற இடத்தில இருந்து என்ரை மனுசனும் நானும் லிஃப்டில ஏத்திக்கொண்டு வந்தது. ரீவியில ஆக்களின்ரை முகமெல்லாம் பச்சையாத் தெரியும். துவக்கு மட்டும் பெட்டியோட, எண்ணெய் மணத்தோட, புத்தம் புதுசா வீட்டுக்குள்ள வந்தது.

எல்லாம் ஒரு சோடிச் சப்பாத்தால வந்த வினை. மகளுக்கு அப்ப பதினஞ்சு வயசு. வோபர்னில எங்கடை அப்பார்ட்மென்றுக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில கிழமைக்கு ஒருநாள் பிள்ளையளுக்கு அணிநடை பழக்கினவை. உடுப்பு இலவசம், தொப்பி இலவசம், முக்கியமா வின்ரருக்குப் போடக்கூடிய கறுப்புச் சப்பாத்தும் இலவசம். மனுசன் விசாரிக்கேல்லை, யோசிக்கேல்லை, கொண்டுபோய்ச் சேர்த்துப்போட்டு வந்து, "சாரணர் மாதிரித்தானப்பா, முடிச்சுப் போடப் பழக்குவினம்" எண்டார். மூண்டாம் மாசம் பிள்ளை வந்து சொல்லுது, மண்டபத்துக்குக் கீழை பேஸ்மென்றில துவக்குச் சுடப் பழக்கினமாம், தான்தான் எல்லாரிலும் முதலாமாம்.

ஊரில பிள்ளையள் சைக்கிளை வேலியில சாத்திப்போட்டுத் துவக்குத் தூக்கப் போன காலத்தில, என்ரை பிள்ளை அதைத் தொடக்கூடாதெண்டுதான் நாங்கள் வெளிக்கிட்டனாங்கள். நாலு நாடு, எட்டு மாசம், வேறை ஆரின்ரையோ பேரில பாஸ்போட். அப்பிடி வந்து சேர்ந்த இடத்தில கூப்பிட்டுக் கையில குடுக்கிறாங்கள், அதுவும் சப்பாத்தோட.

"கண்டறியாத துவக்கு! நாளைக்கே நிப்பாட்டு" எண்டன்.

பிள்ளை சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டு எழும்பிப் போயிட்டாள். பள்ளிக்கூடத்தில அவள் கதைக்கிற இங்கிலீசைக் கேட்டுச் சிரிக்கிறவை எண்டும், மத்தியானம் தனிய இருந்துதான் சாப்பிடுறவள் எண்டும் எனக்குத் தெரியும். அந்த மண்டபத்தில மட்டும்தான் அவளின்ரை பேரை முதலாவதாக் கூப்பிட்டவை. அதால நான் பேந்து வாயைத் திறக்கேல்லை.

அவைக்குப் பழக்கினது ஒரு வெள்ளைக்கார மனுசன். ஒரு காலத்தில ஆமியில இருந்திட்டு அப்ப பள்ளிக்கூட பஸ் ஓடிக்கொண்டிருந்தவர். பிள்ளையள் கோச் எண்டு கூப்பிட, நாங்களும் கோச் எண்டே கூப்பிட்டம். கோடை லீவுக்கு வேறை மாகாணத்தில நடக்கிற தூரச் சுடுற போட்டிக்கு நாலு பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகப்போறாராம். மூண்டு பேரைத் தெரிவு செய்தாச்சு. நாலாவது இடத்துக்கு மகளும் இன்னும் ரெண்டு பெடியளும். அந்த ஒரு இடத்தில என்ரை பிள்ளை உயிரையே வைச்சிருந்தாள். சொந்தமா ஒரு துவக்கு இருந்தால் பழக வசதி எண்டு கோச் சொல்ல, மனுசன் வெளிக்கிட்டிட்டார்.

துவக்கு வாங்கிறதுக்குப் பொலிஸின்ரை அனுமதி வேணும். அதுக்காக ஒரு பொலிஸ்காரன் வீட்டுக்குப் போன் எடுத்தான். உம்மடை மனுசன் துவக்கு வைச்சிருக்கிறதில உமக்கு ஏதும் பயம் இருக்கோ எண்டு கேட்டான். கரப்பொத்தானைக் கண்டால் கதிரையில ஏறி நிண்டு என்னைக் கூப்பிடுற மனுசன். எண்டாலும் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் எல்லாம் அதோட முடிஞ்சிருக்கும். பிள்ளை முன்னுக்கு நிண்டு என்ரை வாயையே பாத்துக்கொண்டிருந்தாள். "நோ" எண்டன். அந்த நேரம் எனக்கு என்னிலயே கோவம் வந்தது.

கடை மிசிசாகாவில. மனுசன் எயர்போட்டில சாப்பாட்டுத் தட்டுக் கழுவுறவர், அந்தப் பக்கமெல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. கடைக்காரன் நல்ல பொறுமைசாலி. பிள்ளையின்ரை கை நீளத்தை அளந்து, தோளில முட்டுற மரப்பிடங்கு கட்டையான, குழல் பாரமான, சின்ன ரவைக்குண்டு போடுற துவக்கு ஒண்டை எடுத்து மேசையில வைச்சான். சுடேக்கத் துவக்கு பின்னுக்குத் தோளில உதைக்குமாம். பாரம் கூடக்கூட உதை குறையுமாம், ரவை சின்னனாக உதையும் சின்னனாகுமாம். தூரச் சுடுற சின்னப் பிள்ளையளுக்கு உந்த உதைதான் முதல் எதிரியாம். மகள் எல்லாத்தையும் கேட்டு எங்களுக்குத் தமிழில சொன்னாள்.

மனுசன் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார். "இஞ்சரும், இவன் எங்களைப் பாத்திட்டு விக்காமல் கிடக்கிறதைத் தள்ளப் பாக்கிறான்."

"உங்களுக்குத் துவக்கைப் பற்றி என்ன தெரியும்?"

"சாமான் வாங்கிறதைப் பற்றித் தெரியும்."

அவர் எடுத்தது இன்னொண்டு. பிள்ளை தூக்கவேணுமெல்லோ எண்டு பாரம் குறைஞ்சதைப் பாத்தார். அதே விலைக்குப் பெரிய ரவை கிடைக்கேக்க ஆர் சின்னனை வாங்குவினம் எண்டு பெரிசைப் பாத்தார். பிடங்கு நீளமா இருந்தது. மகள் தோளில வைச்சுப் பாத்திட்டு, "அப்பா, ரூ லோங்" எண்டாள்.

"வளர்ற பிள்ளை. ரெண்டு வருசத்தில சரியா வரும்."

எங்கடை வீட்டில எல்லாமே அப்பிடித்தான். வின்ரர் ஜாக்கற் முழங்காலுக்குக் கீழை தொங்கும், பள்ளிக்கூடச் சப்பாத்தின்ரை நுனிக்குள்ள பேப்பர் அடைஞ்சிருக்கும். துவக்குக்குப் பேப்பர் அடையேலாது எண்டு எனக்கும்தான் தோன்றேல்லை. கடைக்காரன் ரெண்டாந்தரமும் சொல்லிப் பாத்தான். பிறகு அவனும் மனுசன்தானே, வித்திட்டான்.

லிஃப்டில எங்கடை வீட்டுக்கு நேரை கீழை இருக்கிற அன்ரியைச் சந்திச்சம். "என்ன தம்பி, நீளமா?" எண்டு பெட்டியைப் பாத்துக் கேட்டா.

"கர்ட்டன் தடி அன்ரி."

துவக்கு ஒரு பூட்டில, ரவை இன்னொரு பூட்டில, திறப்பு ரெண்டும் என்னட்டை. சட்டம் பூட்டத்தான் சொன்னது. திறப்பைப் பிடுங்கினது நான்.

மில்லிக்கனுக்கும் அங்காலை, ஒரு மணித்தியாலம் வடக்கை போனால்தான் சுடுற வெளி வரும். முதல் நாள் போயிட்டு வந்த பிள்ளையின்ரை தோள்மூட்டு கத்தரிக்காய் நிறத்தில இருந்தது. நான் நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவத் தடவ, மனுசன் தள்ளி நிண்டு நடந்ததைச் சொன்னார். கோச் துவக்கைத் தூக்கிப் பாத்தாராம், பிள்ளையைப் பாத்தாராம், பிறகு இவரைக் கனநேரம் பாத்தாராம். போய் மரம் அரியிற வாளை எடுத்துக்கொண்டு வந்தாராம்.

புதுத் துவக்கின்ரை பிடங்கில ரெண்டு அங்குலம் அரிஞ்சாச்சு. மனுசன் தன்ரை காலை அரியிற மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு நிண்டதா மகள் சொன்னாள். அரிஞ்ச இடத்தில மெத்தெண்ட றப்பர், பாரத்துக்குப் பிடங்குக்குள்ள ஈயம், கோச் தானே செய்து குடுத்த வெடிமருந்து குறைஞ்ச ரவை. ஒரு நாளைக்குப் பத்து வெடிக்கு மேல இல்லை, இடையில பழையபடி பேஸ்மென்றில சுட்ட சின்னத் துவக்கு. காதுக்குள்ள பஞ்சு, அதுக்கு மேல மூடி. கன்னத்தைப் பிடங்கோட ஒட்டி வைக்கவேணும், வெடிச்சாப்பிறகும் எடுக்கக்கூடாது. கடைக்காரன் முதல் எடுத்து வைச்ச மாதிரித் துவக்கு, வெட்டியும் ஒட்டியும் கடைசியில எங்கடை வீட்டுக்கே வந்து சேர்ந்திட்டுது.

உதை குறைஞ்சது. தோள் நிறம் மாறினது. ஆனால் வெடி மட்டும் இலக்கில ஒரு இடத்தில விழேல்லை, ஒண்டு மேலை, ஒண்டு பக்கத்தில. ஒருநாள் கோச் அவளுக்குத் தெரியாமல் மருந்தில்லாத வெறும் ரவை ஒண்டைக் கலந்து போட்டார். விசையை இழுக்க 'டிக்' எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் துவக்கு ஆடினது. உதையே இல்லாத இடத்திலயும் பிள்ளை அசையிறாள். பயம் எண்டு கோச் சொல்லிப்போட்டார்.

"எனக்கென்ன பயம்? ஐ'ம் நொட் ஸ்கேர்ட்!" எண்டு வீட்டை வந்து கதவை அடிச்சுச் சாத்தினாள். அது உண்மை. பத்து வயசில, வேறை பிள்ளையின்ரை பேரைத் தன்ரை பேரெண்டு மூண்டு எயர்போட்டில கண் வெட்டாமல் சொன்னவள் அவள்.

தெரிவுக்கு இன்னும் ரெண்டு கிழமை. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். சொல்ல வெக்கம்தான், ஆனால் சந்தோசம். தோத்திட்டு வரட்டும், நாலு நாள் அழுவாள், துவக்கை வித்துப்போட்டு ஒரு நல்ல ரீவி வாங்கலாம் எண்டு நினைச்சன்.

அந்தச் சனிக்கிழமை மனுசனுக்கு ஓவர்ரைம். தாயோ தகப்பனோ கூட வரவேணும் எண்டபடியால் நான் போகவேண்டி வந்தது. ஐஸ்கிறீம் பெட்டியில புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு கோச்சின்ரை வானில போனன். எனக்கும் காதுக்கு ஒரு மூடி தந்து, பின்னுக்கு இடப்பக்கமா நிப்பாட்டினவை. பிள்ளை குப்புறப் படுத்து, முழங்கை ரெண்டையும் ஊண்டி, கன்னத்தைப் பிடங்கில வைச்சாள். கோச் வலப்பக்கம் இருந்து தூரக்கண்ணாடியால இலக்கைப் பாத்துக்கொண்டிருந்தார். என்ரை பக்கம் இருந்துதான் அவளின்ரை முகம் தெரியும்.

விசையில விரல் இறுக, பிள்ளை வாயைத் திறந்தாள். 'ஆ' எண்டு வடிவாத் திறந்தாள். தாடை கீழை இறங்க, கன்னம் பிடங்கை விட்டு எழும்பிச்சு. அதுக்குப் பிறகுதான் வெடி.

ரெண்டாவதுக்கும் அப்பிடி. மூண்டாவதுக்கும் அப்பிடி.

எனக்குப் பாத்த உடனை விளங்கிட்டுது. ஊரில எங்கடை வளவுக்குள்ள மண் மூட்டை அடுக்கின பங்கர் ஒண்டு இருந்தது. பிளேன் சத்தம் கேட்டால் இவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவன். குப்புறப் படு, முழங்கையை ஊண்டு, நெஞ்சு நிலத்தில படக்கூடாது, காதைப் பொத்து, வாயைத் திற. வாயைத் திறந்து வைச்சிருந்தால்தான் குண்டுச் சத்தத்துக்குக் காது வெடிக்காது எண்டு சொல்லுறவை. அஞ்சாறு வயசுப் பிள்ளை, பயத்தில வாயை இறுக்கி மூடிக்கொண்டு கிடக்கும். நான் தாடையைப் பிடிச்சு இழுத்துத் திறப்பன். திறக்காட்டில் ஒண்டு போடுவன். பல்லுக்கு நடுவில சீலைத்துண்டை அடைஞ்சு வைச்ச நாளும் இருக்கு. கூட்டல் கழித்தல் படிப்பிச்சன், தேவாரம் படிப்பிச்சன், ஒண்டும் ஏறேல்லை. இது மட்டும் ஏறியிருக்கு.

நான் கோச்சுக்கு ஒண்டும் சொல்லேல்லை. பிள்ளைக்கும் சொல்லேல்லை. புட்டைச் சாப்பிட்டம், வானில ஏறினம், வந்தம். வழி நெடுக அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள்ள வந்து சப்பாத்தைக் கழட்டேக்கதான் சொன்னாள்.

"எனக்கு ஏலாதம்மா. கோச் சொல்லுறது சரி. நான் பயந்தாங்கொள்ளி."

அதைத்தான் என்னால தாங்கேலாமப் போச்சு. தோக்கட்டும். ஆனால் நான் அடிச்சுப் பழக்கினதுக்கு என்ரை பிள்ளை பயந்தாங்கொள்ளிப் பட்டம் வாங்கிறதோ?

"விசர்க்கதை கதையாதை. கூட்டுற தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வந்து கீழை படு."

"வாட்?"

"படு எண்டால் படு."

தும்புத்தடியைத் துவக்கு மாதிரிப் பிடிச்சுக்கொண்டு படுத்தாள். நான் சட்டியையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு பின்னுக்குப் போய், சொல்லாமல் கொள்ளாமல் ஓங்கி ஒரு அடி போட்டன்.

"இப்ப உன்ரை வாயைத் தொட்டுப் பார்."

தொட்டுப் பாத்தாள். விரல் உதட்டில அப்பிடியே நிண்டது. "எப்ப இருந்து?" எண்டாள்.

"பங்கர் ஞாபகம் இருக்கோ?"

இல்லை எண்டு தலையாட்டினாள். தலைக்கு இல்லை, தாடைக்கு இருந்திருக்கு. எல்லாத்தையும் சொன்னன், ஒண்டு போட்டதையும் சொன்னன். சொல்லேக்க எனக்கு அழுகை வந்திட்டுது. அவள் அழேல்லை. "ஓகே, திருப்பி அடியுங்கோ" எண்டு மறுபடியும் படுத்தாள்.

பதின்மூண்டு நாள். நான் பின்னேர வேலைக்குக் கிளீனிங்குக்கு வெளிக்கிட முன்னம் ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம். பிள்ளையின்ரை உதட்டுக்கு நடுவில ஒரு பஸ் ரிக்கற், நான் அடிக்க அது விழக்கூடாது. முதல் நாள் இருபது அடிக்கு இருபது தரமும் விழுந்தது. ஒரு கிழமை போக அஞ்சாறு தரம். சட்டி நெளிஞ்சுபோய் அடுப்பில நிக்காமல் ஆடத் தொடங்கிச்சு.

கீழை இருந்து அன்ரி ஏறி வந்தா. "என்ன பிள்ளை, இன்னும் அந்தக் கர்ட்டன் தடி அடிச்சு முடியேல்லையே?"

"சுவர் சரியான இறுக்கம் அன்ரி" எண்டன். பொய் சொல்லுறதில எங்கடை குடும்பம் நல்லாத் தேறியிட்டுது.

தெரிவு நடந்த அண்டைக்கும் மனுசனை வேலையில விடேல்லை, நான்தான் போனன். அதே இடப்பக்கம், அதே காதுமூடி. ரெண்டு பெடியளும் சுட்டு முடிச்சாங்கள், நல்லாத்தான் சுட்டாங்கள். பிறகு பிள்ளை போய்ப் படுத்தாள். பத்து வெடி. நான் இலக்கைப் பாக்கேல்லை, அது கண்ணுக்குத் தெரியிற தூரத்திலயும் இல்லை. அவளின்ரை உதட்டை மட்டும் பாத்துக்கொண்டு நிண்டன்.

முதல் வெடி. உதடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ரெண்டு. மூண்டு. ஏழாவதுக்கு ஒருக்கால் துடிச்சமாதிரி இருந்தது, திறக்கேல்லை. பத்தாவது வெடிக்குப் பிறகும் கன்னம் பிடங்கிலயே கிடந்தது. கோச் தூரக்கண்ணாடியில இருந்து தலையை எடுத்து, என்னைப் பாத்துப் பெருவிரலைக் காட்டினார்.

பிள்ளை துவக்கை வைச்சிட்டு எழும்பி என்னட்டை ஓடி வந்தாள். சிரிச்சுக்கொண்டு வந்தவள், கிட்ட வரச் சிரிப்பை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்தாள். அப்பதான் நான் எப்பிடி நிக்கிறன் எண்டு எனக்கே விளங்கினது. முழங்கால் ரெண்டும் மடிஞ்சு, அரைவாசி குந்தி, ரெண்டு கையாலயும் காதுமூடியை அமத்திப் பிடிச்சுக்கொண்டு, வாயை 'ஆ' எண்டு திறந்தபடி நிண்டிருக்கிறன்.

அவள் வெடிமருந்து மணக்கிற கையை என்ரை தாடைக்குக் கீழை வைச்சு, மெல்லமா மூடிவிட்டாள்.

"முடிஞ்சுதம்மா" எண்டாள்.