‘போறேன்’ என்று சொன்ன லைன்மேன்

வங்காளத்துப் பெஹாலாவில் துறைமுக ஊழியர் சண்முகம் வீட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. கிளம்புகிறவர் வாய் தவறி ‘போறேன்’ என்றுவிட்டால், திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, ‘வாரேன்’ என்று சொல்லித்தான் படியிறங்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்து அம்மா கொண்டுவந்த வழக்கம். அவள் காலமான பிறகு அதைக் காவல் காத்தவள் மூத்த மகள் கோமதி.

தம்பி முருகானந்தம் அவசரக்காரன். 1991இல் ராணுவத்தில் சேரக் கிளம்பிய அன்றே இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தான். சிக்னல்ஸ் பிரிவில் லைன்மேன் ஆனான். குண்டு விழுந்து அறுந்த தொலைபேசிக் கம்பியைத் தேடிப் போய் ஒட்டுகிற வேலை.

1999 ஜூன் 17, வியாழக்கிழமை, காலை பதினொன்றரைக்குப் போன் வந்தது.

“அக்கா, மேல அனுப்புதாவ.”

“மேலன்னா எங்கல?”

“கார்கில் பக்கம். பின்னால பத்துப் பேர் நிக்காவ. சரி, போறேன்க்கா.”

“ஏல, என்ன சொன்ன? ஏல...”

இணைப்பு போய்விட்டது.

போனில் சொன்னவனை எப்படித் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைப்பது? அவனுக்காகத் தானே ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தாள். மனம் ஆறவில்லை. போரில் இறந்தவர்கள் என்று பேப்பரில் வந்த பெயர்களை விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். கரியாஹாட் கடைத்தெருவுக்கு பஸ்ஸில் கிளம்பியவள், போன் அடித்தால் யார் எடுப்பது என்று பாதி வழியில் இறங்கித் திரும்பினாள்.

“வாய் தவறி வந்த வார்த்தை. அதுல என்னம்மா இருக்கு?” என்றார் அப்பா.

“நீங்க சும்மா இருங்கப்பா.”

இருபத்தோராம் நாள் கடிதம் வந்தது. நின்றபடியே பிரித்தாள்.

‘அக்கா, 26ஆம் தேதி ஷெல் விழுந்து கம்பி அறுந்துவிட்டது. ஒட்டக் கிளம்பும்போது பங்கரில் கூட இருந்த கௌசிக்கிடம் வாய் தவறிப் போறேன் என்றுவிட்டேன். நாலு எட்டு வைத்ததும் உன் முகம் முன்னால் வந்து நின்றது. திரும்பிப் போய் பங்கருக்குள் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். கௌசிக் சிரிக்கவில்லை. அவன் வங்காளி, அவர்கள் வீட்டிலும் புறப்படும்போது “ஆஷி”, வருகிறேன் என்றுதான் சொல்வார்களாம். வாயில் தண்ணீர் இருக்கும்போதே நான் போயிருக்க வேண்டிய பாதையில் அடுத்த ஷெல் விழுந்தது. மண் சரிந்து எங்களை மார்பு வரை மூடியது. தோண்டி எடுத்தார்கள். இடது காது மட்டும் மந்தம். அதற்குப் பிறகு போய்க் கம்பியை ஒட்டிவிட்டேன்.’

கடைசி வரியை அப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள்.

2007இல் ஓய்வு பெற்று வந்தவனுக்கு ஊரின் மறுகோடியில், சால்ட் லேக்கில் ஓர் அலுவலகத்தில் காவலர் வேலை கிடைத்தது. இப்போதெல்லாம் காலையில் வாசல் வரை போய், வேண்டுமென்றே, “போறேன்க்கா” என்கிறான். பிறகு உள்ளே வந்து உட்காருகிறான்.

“பஸ் போயிரும்ல!”

“போவட்டும்க்கா. பஸ்ஸு அடுத்தது வரும்.”

குடிக்கிறான். “வாரேன்” என்று சொல்லிப் படியிறங்குகிறான்.

அங்கே போய் இறங்கி அவன் மிஸ்டு கால் கொடுக்கும் வரை கோமதி அந்த டம்ளரைக் கழுவுவதில்லை.