பச்சைத் தோலுக்குள் இருந்தது

பெல்ட் அக்கா என்றால் அந்த ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் சம்பளம் போடுகிறவர்களே ஒரு நிமிடம் யோசிப்பார்கள். பின்கட்டில், சலவைக் கூடத்தை ஒட்டிய நீள அறையில்தான் கால் வலுவிழந்தவர்களுக்குக் கேலிப்பர் செய்யும் பட்டறை இருந்தது. கம்பி வளைப்பது ஆண்களின் வேலை. அந்தக் கம்பியைக் காலோடு சேர்த்துப் பிடிக்கும் தோல்பட்டைகளை வெட்டி, ஓரம் சீவி, தைத்துக் கொடுப்பது அக்காவின் வேலை. பட்டையின் ஓரம் தடிப்பாக இருந்தால் காலில் உரசும், உரசினால் புண்ணாகும். புண்ணானால் கேலிப்பர் கட்டிலுக்கடியில் போய்விடும், நடக்கத் தொடங்கிய ஆள் மறுபடியும் படுத்துவிடுவார். இதை அவள் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு தடவைதான் சொல்வாள். இரண்டாம் தடவை சொல்ல நேர்ந்தால் அது சொல்வதாக இருக்காது, திட்டுவதாக இருக்கும்.

பழைய புத்தகம் வாங்கும் பழக்கம் அவளுக்குப் படிப்பாசையால் வந்ததல்ல. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு சாயங்காலம், நடைபாதையில் பரப்பி வைத்திருந்த புத்தகங்களில் ஒன்றின் முதுகுத் தோல் பிய்ந்து தொங்கியது. அட்டையின் உள்பக்கம் மடிந்து ஒட்டியிருந்த இடத்தில் அந்தத் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்திருந்தது. அவ்வளவு மெல்லிசாகச் சீவ அவளுக்கு அதுவரை கைவந்ததில்லை. எவன் இதைச் சீவினான் என்று அவளுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. வாங்கிவிட்டாள். எந்த மொழிப் புத்தகம் என்றுகூடக் கேட்கவில்லை.

அன்று பிடித்தது விடவில்லை. ஆட்டுத்தோல், கன்றுத்தோல், முதுகில் வரப்பு வரப்பாகக் கயிறு புடைத்தவை, ஓரத்தில் தங்க ரேக்கு ஒட்டியவை என்று படுக்கையறை அலமாரி நிரம்பியது. பாதிக்கு மேல் அவளுக்குப் படிக்கத் தெரியாத மொழிகள். அதற்காக அவற்றைத் திறக்காமல் வைத்திருந்தாள் என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாக எடுத்து, முன்னிருந்து கொஞ்சம் பின்னிருந்து கொஞ்சம் என்று மெதுவாகத் திறந்து, பக்கங்களைப் புரட்டி, மூடி வைப்பாள். மடக்கி நீட்டாத மூட்டு இறுகிப்போகும். இது காலுக்கும் பொருந்தும், அட்டைக்கும் பொருந்தும்.

"எங்கம்மா புத்தகத்துக்கு பிசியோதெரபி பண்றாங்க" என்று வங்கியில் வேலை பார்க்கும் அவள் மகள் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அக்கா அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அவள் வழக்கமாக வாங்கும் கடை ஒரு காலத்தில் டயர் கடையாக இருந்தது. மழை பெய்தால் இன்னும் ரப்பர் வாடை கிளம்பும். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை எந்நேரமும் நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர். அதனால் நெற்றிக்கண் என்று பெயர் நின்றுவிட்டது.

"வாங்கக்கா, இன்னைக்கு யாரோட தோலை உரிக்கப் போறீங்க?" என்பார்.

"முதல்ல உன்னோடதைப் பாக்கறேன். தடிமனா இருக்கு, ஷூவுக்கு ஆகும்" என்பாள் அக்கா.

அந்தக் கடைக்குத்தான் பச்சைத்தோல் புத்தகம் வந்தது. காலமான ஒரு வக்கீலின் வீட்டைக் காலி செய்தபோது வந்தது என்றார் நெற்றிக்கண். முழு ஆட்டுத்தோல். பாசிப் பச்சை. மூன்று ஓரமும் தங்கம். உள்ளே மனித உடம்பின் படங்கள். மண்டை ஓட்டில் தொடங்கிப் பாதம் வரை, எலும்பும் தசையுமாக, மயிரிழைக் கோடுகளில் அச்சடித்தவை. அக்கா அதை மேஜைமேல் வைத்துத் திறந்தாள். கையை எடுத்த பிறகும் திறந்த இடத்திலேயே கிடந்தது. எழும்பவில்லை, முறுக்கிக்கொள்ளவில்லை. தைத்தவன் அந்தப் பக்கங்களின் கனத்தை அறிந்து தைத்திருந்தான்.

விலையைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த விலைக்கு உசிரோட ஒரு ஆளையே வாங்கிடலாம் போலிருக்கே!"

"வேற யாராவது கேட்டா இன்னும் ஏத்திச் சொல்வேன்க்கா."

"நான் ரிட்டயர் ஆகறப்போ வாங்கிக்கறேன். அதுவரைக்கும் வேற யாருக்கும் கொடுக்கக் கூடாது. சரியா?"

"யாருக்கும் கொடுக்க மாட்டேன். என்னை நம்புங்க."

நெற்றிக்கண் வாக்குத் தவறவில்லை. அதைத்தான் முதலில் சொல்லியாக வேண்டும். நல்ல விலை கேட்டு வந்தவர்களைக்கூட அவர் திருப்பி அனுப்பினார்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, பட்டறைக்காரர்கள் கொடுத்த கடிகாரத்தைச் சுவரில்கூட மாட்டாமல், அக்கா கடைக்குப் போனாள். நெற்றிக்கண் முகமெல்லாம் பல்லாக எழுந்து உள்ளே போய்த் துணியில் சுற்றியதைக் கொண்டுவந்தார்.

கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. கனம் இல்லை.

துணியை விலக்கினாள். அதே பச்சை, அதே தங்கக் கோடுகள். அட்டையைத் திறந்தாள். உள்ளே மரச்சட்டம் போட்டு, சிவப்பு வெல்வெட் ஒட்டி, மூலையில் சின்னக் கண்ணாடி பதித்திருந்தது. நகைப்பெட்டி.

"எப்படி இருக்கு?" என்றார் நெற்றிக்கண். "நம்ம மச்சான் கைவேலை. முழு விலைக்கு உங்களால முடியாதுன்னு எனக்குத் தெரியாதாக்கா? அதான் உள்ளே இருந்த படத்தையெல்லாம் ஃப்ரேம் போட்டு விக்க மச்சான் காசு கொடுத்து எடுத்துக்கிட்டான். அந்தக் காசைக் கழிச்சாச்சு. இப்போ அட்டைக்கு மட்டும் கொடுத்தா போதும். பாதி விலைகூட ஆகாது."

அக்கா பெட்டியைத் திருப்பி முதுகுப் பக்கத்தைப் பார்த்தாள்.

"நீங்க அட்டைக்காகத்தானே வாங்கறீங்க? உள்ளே இருக்கறதை ஒரு நாளாவது படிச்சிருக்கீங்களா?"

பட்டறையில் அவளோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அக்கா கத்தினால் பயமில்லை. குரல் இறங்கினால்தான் ஆபத்து. இப்போது குரல் இறங்கியது.

"ஏம்ப்பா, ஒருத்தன் காலுக்கு அளவெடுத்து நான் கேலிப்பர் செய்யறேன். பட்டை ரொம்ப அழகா இருக்குன்னு நீ காலை வெட்டிப் போட்டுட்டு பட்டையை மட்டும் கொண்டுவந்து என் கையில கொடுக்கறே. நான் சந்தோஷப்படணும்?"

"அக்கா, நான் உங்களுக்கு நல்லதுன்னு நினைச்சு..."

"உன் நல்லதைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. நான் கேட்டேனா, விலையைக் குறைன்னு? முடியறப்போ வாங்கிக்கறேன்னுதானே சொன்னேன்? என் பொருளை அறுக்க உன்கிட்ட யார் சொன்னா?"

தைத்த கயிறுகள் அட்டைக்குள் நுழைந்த இடத்தில் கத்தி போன தடம் இருந்தது. அவள் அதை விரலால் தடவினாள். எல்லாவற்றையும்விட அவளை எரித்தது இந்த மனுஷனின் முகம். அதில் துளிக்கூடக் கள்ளம் இல்லை. இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து வாங்கியவளை இவர் என்னவென்று நினைத்திருந்தார்? தோலைத் தடவிப் பார்க்கிற பைத்தியம் என்று. மகளின் சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம், அவளுக்குப் புத்தகம் தெரியாது. புத்தகம் விற்கிறவருக்குமா தெரியாது?

"கடையைச் சாத்து" என்றாள்.

"எதுக்கு?"

"மிச்சம் எங்கே இருக்குன்னு காட்டு. நட."

எழுத்துப் பக்கங்கள் எடைக்குப் போயிருந்தன. பழைய பேப்பர் கடைக்காரர் தாள் தடிமனாக இருக்கிறதென்று அவற்றைத் தனியே கட்டி, அதன்மேல் தராசை வைத்திருந்தார். தராசு ஆடாமல் நிற்கிறதாம். அக்கா கட்டைக் கேட்டதும் அவர் யோசித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு யோசிப்பதை நிறுத்தி, தராசைத் தூக்கிக்கொண்டார்.

அடுத்தது மச்சானின் ஃப்ரேம் கடை. படங்களில் பெரும்பாலானவை விற்காமல் சுவரோரம் சாய்ந்திருந்தன. சட்டத்துக்குள் அடங்குவதற்காக எல்லாவற்றின் ஓரத்தையும் நறுக்கியிருந்தான். ஒரு விலா எலும்புக் கூட்டின் பக்கவாட்டில் தங்க விளிம்பு பாதி இருந்தது, பாதி இல்லை.

மச்சானுக்கு நெற்றிக்கண்ணின் பணிவெல்லாம் கிடையாது. "இப்போ என்ன குடி முழுகிப் போச்சு? புத்தகமா இருந்தா உங்க வீட்டு அலமாரியில கிடக்கும். நீங்க ஒருத்தர் பாப்பீங்க. ஃப்ரேம் போட்டா ஊரே பாக்கும்."

"அப்போ உன் கையை வெட்டிச் சுவத்துல மாட்டு. அதையும் ஊரே பாக்கும்."

"மாமா, இந்தம்மாவை முதல்ல கூட்டிட்டுப் போங்க."

"பேசாம எல்லாத்தையும் கழட்டிக் கொடுடா" என்றார் நெற்றிக்கண்.

கழற்றி அடுக்கியபோது ஒன்று குறைந்தது. காலின் படம், முழங்காலிலிருந்து பாதம் வரை. அதை ஒரு எலும்பு டாக்டர் தன் கிளினிக்குக்கு வாங்கிப் போயிருந்தார். யாரென்று கேட்டதும் அக்காவுக்குச் சுருக்கென்றது. அவள் ஆஸ்பத்திரியின் டாக்டர்தான். அவர் எழுதிய சீட்டுக்கெல்லாம் அவள் பட்டை தைத்திருக்கிறாள்.

சாயங்காலம் கிளினிக்குக்குப் போனாள். படம் டாக்டரின் நாற்காலிக்குப் பின்னால், விளக்குப் போட்டு, மாட்டியிருந்தது.

"வாங்கம்மா, உக்காருங்க! நல்லா இருக்கு இல்ல?" என்றார் டாக்டர், அவள் பார்வை போன திசையைப் பார்த்து.

அவள் நடந்ததைச் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். டாக்டர் கேட்டார், தலையாட்டினார், கடைசியில் கையை விரித்தார்.

"பாவம்தான். ஆனா நான் கடையில பில் போட்டு வாங்கியிருக்கேனே."

"திருட்டுப் பொருள்னு நான் சொல்லல சார். அறுத்த பொருள்னு சொல்றேன். நீங்க கொடுத்த காசை நான் தரேன்."

"காசுக்கு என்னம்மா. பேஷண்ட்டுக்கு விளக்கிச் சொல்ல இது ரொம்ப வசதியா இருக்கு. வேணும்னா ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க."

"ஒருத்தன் காலை எடுத்துட்டு, இந்தா எக்ஸ்ரேன்னு கையில கொடுப்பீங்களா சார்?"

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் மணியை அழுத்தி அடுத்தவரை உள்ளே கூப்பிட்டார்.

வெளியே நெற்றிக்கண் நின்றிருந்தார். அவரிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அந்தக் கால் வராம நான் உன் கடை வாசப்படி மிதிக்க மாட்டேன்." பச்சை அட்டையையும் பக்கங்களையும் படங்களையும் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். விலையைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

மகள் அன்று வெல்வெட் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுவும் நல்லாத்தானேம்மா இருக்கு. அலமாரியில நிக்க வச்சா புத்தகம்தான். யாரு திறந்து பாக்கப் போறா?" என்றாள்.

"நான் திறப்பேன்" என்றாள் அக்கா. பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த கத்தியால் வெல்வெட்டையும் மரச்சட்டத்தையும் அக்கா அன்றே பெயர்த்து எடுத்தாள்.

அதற்கப்புறம் நெற்றிக்கண் செய்ததை அவள் பிறகுதான் கேள்விப்பட்டாள், அதுவும் கிளினிக் நர்ஸ் வாயால். மனுஷன் முட்டிவலி என்று டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறார். காத்திருந்த கூட்டத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். "உள்ளே டாக்டருக்குப் பின்னால ஒரு கால் படம் இருக்கு பாருங்க, அது ஒரு புத்தகத்தை அறுத்து எடுத்தது. அறுக்கக் கொடுத்த மடையன் நான்தான். கேட்டா டாக்டர் தர மாட்டேங்கறார்." டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அடுத்த வாரமும் முட்டிவலி. அதற்கடுத்த வாரமும். கூட்டம் மாறிக்கொண்டே இருந்தது, கதை மாறவில்லை. உள்ளே போகிறவர்கள் எல்லாம் வலியைச் சொல்வதற்கு முன் படத்தைப் பார்த்து, "இதுதானா அது?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஒரு மத்தியானம் நெற்றிக்கண் வீட்டு வாசலில் வந்து நின்றார். கண்ணாடி நெற்றியில். கக்கத்தில் ஃப்ரேம்.

"கால் வந்துடுச்சுக்கா."

அவள் உள்ளே வரச் சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவராகவே வந்து உட்கார்ந்தார். அக்கா ஃப்ரேமை மேஜைமேல் கவிழ்த்து, ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பின்பலகையை எடுத்து, குதிகாலுக்கு அப்பால் மறைத்துப் படத்தைச் சுற்றி ஒட்டியிருந்த வெள்ளை அட்டையை நீக்கினாள். முழங்கால் இருந்தது. கெண்டைச் சதை, கணுக்கால், குதிகால் எல்லாம் இருந்தன. அங்கேயே தாள் முடிந்துபோயிருந்தது.

"விரல் எங்கே?"

நெற்றிக்கண் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். பார்த்தவர் மெதுவாக அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சட்டம் சின்னதா இருந்திருக்கும்க்கா."

"சட்டம் சின்னதா இருந்தா பெரிய சட்டம் போடணும். காலை வெட்டுவானா? இவனெல்லாம் செருப்புக்கடை வச்சிருந்தா என்ன ஆகும்?"

அக்கா அறைக்குள் போய்த் துணி மூட்டையை எடுத்துவந்தாள். எழுத்துப் பக்கங்களை அவள் ஏற்கெனவே வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். படிக்கத் தெரியாவிட்டால் என்ன, பக்க எண் எண்தானே. கால் படத்தை அதன் இடத்தில் செருகினாள். பச்சை அட்டைக்கு நடுவே எல்லாவற்றையும் வைத்தாள். நறுக்கிய படங்கள் உள்ளே ஒடுங்கி, எழுத்துத் தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அட்டை சரியாக மூடவில்லை. அளவெடுத்த பட்டறைத் தோல்வார் ஒன்றைப் போட்டு அதைக் கட்டினாள்.

பிறகு பீரோவிலிருந்து ஒரு கவரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அக்கா, இதுக்குப் போய்க் காசா?"

"அட்டை உன்னோடது, அதுக்கு நீ சொன்ன விலையைக் கொடுக்கறேன். எனக்கு எதுவும் இனாமா வேணாம். உள்ளே இருக்கறதுக்கு விலை சொல்ற யோக்கியதை உனக்குப் போயாச்சு."

நெற்றிக்கண் கவரை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எழுந்து வாசல்வரை போனவருக்கு மனசு கேட்கவில்லை.

"இப்படிப் பிரிஞ்சு பிரிஞ்சு கிடக்கறது எனக்கே கஷ்டமா இருக்குக்கா. பசை போட்டு ஒட்டிட்டா பாக்கறதுக்காவது முழுசா இருக்கும்."

"ஒட்டக் கூடாது. வெட்டினது வெட்டினதாவே தெரியட்டும். திறந்து பாக்கறவன் யார் வெட்டினதுன்னு கேக்கட்டும், நான் உன் கடை விலாசத்தைக் கொடுக்கறேன்."

"அதுக்கில்ல, நம்ம மச்சான்கிட்ட சொன்னா தெரியாத மாதிரி..."

"இன்னொரு தடவை அந்த மச்சானைப் பத்திப் பேசினே," என்றாள் அக்கா, குரல் இறங்க, "உன் தோல் எந்த ஷூவுக்கு ஆகும்னு இன்னைக்கே பாத்துடுவேன். போ, போய்க் கடையைத் திற."