கீழ்வேளூர் பக்கம் ஐந்து நாற்காலிகளைப் பார்க்கப் போன கதை

கோயில் பார்க்கப் போகிறவர்களுக்கும் கடல் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஆயிரம் வலைப்பூக்கள் இருக்கின்றன. நாற்காலி பார்க்கப் போகிறவர்களுக்கு என்னுடையது மட்டும்தான் என்று நினைக்கிறேன். அலுவலகங்களுக்கும் பொது இடங்களுக்கும் உள் அமைப்பு வரைவது என் தொழில். மேசை எங்கே, வெளிச்சம் எங்கிருந்து, வருகிறவர் எங்கே உட்காருவார் என்று முடிவு செய்கிற வேலை. இந்த ஆவணி முதல் வாரத்தில், புதனும் வியாழனுமாக, கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயிகள் சங்க அலுவலகத்துக்குப் போய்வந்தேன். காரணம் ஒரு கடிதம்.

சங்கத்துக்கு ஏழு கிளைகள். முதல் கிளைக்கு நான் வரைந்து கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. செயலாளர் மேசைக்கு எதிரே, வருகிறவர்களுக்காக ஐந்து மர நாற்காலிகள் போட்டிருந்தேன். அந்தச் செயலாளர் நிர்வாகக் குழுவுக்கு எழுதியிருந்தார், நகல் எனக்கும் வந்தது: பொதுமக்கள் நாற்காலிகளைப் பயன்படுத்துவதில்லை, ஆகவே மற்ற ஆறு கிளைகளுக்கும் கவுண்டர் மட்டும் போதும், நாற்காலி வேண்டாம். குழுவும் சரி என்று தலையாட்டத் தயாராக இருந்தது. படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. விடிந்ததிலிருந்து வயலில் குனிந்து நிமிர்ந்தவர்கள், நாற்காலி இருந்தும் வேண்டாம் என்று நிற்கிறார்களாம். எங்கள் வீட்டிலும் வயல் வேலைதான். எந்த அலுவலகத்திலும் எங்கள் ஆட்களை யாரும் உட்காரச் சொன்னதில்லை. நான் வரைகிற நாற்காலிகளில் அந்தக் கோபம் கொஞ்சம் இருக்கும், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. யாருக்கும் சொல்லாமல் கிளம்பினேன்.

செவ்வாய் மாலையே திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வந்து தங்கிவிட்டேன். புதன் காலை 6.20க்குப் புதிய பேருந்து நிலையத்தில் நாகப்பட்டினம் பஸ். அங்கே துளை போட்ட ஸ்டீல் இருக்கைகள், மூன்று மூன்றாகச் சேர்த்தவை. நான் எண்ணிய ஒன்பது செட்டுகளில் ஏழில் ஒரே ஒரு ஆள், அதுவும் நடுவில். தெரியாதவரை ஒட்டி உட்கார நம் ஆட்களுக்கு மனசு வராது, பெண்களுக்குச் சுத்தமாக வராது. வாங்கிப் போட்டவர்கள் ஒரு நாளாவது அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

தஞ்சாவூரிலிருந்து கீழ்வேளூர் ஏறக்குறைய 70 கிலோமீட்டர், டிக்கெட் 55 ரூபாய். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பதினெட்டு நிமிடம். இந்தப் பாதையில் வருகிறவர்கள் அரை மணி நேரத்தைக் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். பாதி பஸ் இறங்கி டீக்கடையில் நின்றது, நானும் நின்றேன். டீ 12 ரூபாய், நன்றாக இருந்தது. நின்றுகொண்டே குடிப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நாமாக நிற்பது வேறு, நம்மை நிறுத்திவைப்பது வேறு. இதை அங்கேயே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கீழ்வேளூரில் இறங்கும்போது மணி 9.10. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 120 ரூபாய். வழியில் ஒரு பக்கம் குறுவை கதிர் பிடித்திருந்தது, இன்னொரு பக்கம் சம்பா நாற்றங்காலுக்கு உழவு ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் முட்டத் தண்ணீர். திரும்பி வரும்வரை காத்திருக்க முடியுமா என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"எந்த ஆபீஸுக்குப் போறீங்க?"

சொன்னேன்.

"அப்ப வெயிட்டிங் எல்லாம் சரிப்படாதுங்க. அங்க போனவங்க எப்ப திரும்புவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது."

அலுவலகம் 10.05க்குத் திறந்தது. வருகிறவர்களோடு வருகிறவளாக நானும் உள்ளே போனேன். செயலாளர் என்னை முன்பு பார்த்ததில்லை, போட்டோவும் அளவும் வாங்கித்தான் வரைந்தேன், போனில் பேசியதோடு சரி. ஐந்து நாற்காலிகளும் நான் வரைந்த இடத்திலேயே இருந்தன. முதல் நாற்காலியில் நாடா கட்டிய பேப்பர் கட்டுகள், இடுப்பு உயரத்துக்கு. இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவதில் விதை மாதிரிப் பொட்டலங்கள். நான்காவதில் செயலாளரின் ஹெல்மெட்டும் சாப்பாட்டுப் பையும். ஐந்தாவதில் ஓடாத பிரிண்டர் ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எதிரே பதினோரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பொதுமக்கள் பயன்படுத்துவதில்லை என்று எழுதினாரே, எப்படிப் பயன்படுத்துவார்கள்?

எனக்கு முன்னால் நின்றவர் செல்வராணி. ஐம்பது வயது இருக்கும். வலது முழங்கால் வீங்கியிருந்ததால் ஒரு காலில் கனத்தை வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது நிமிடம் அப்படியே. கணவர் போன தையில் இறந்துவிட்டார், அவர் பெயரில் இருந்த உறுப்பினர் பதிவை இவர் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றினால்தான் சங்கத்தில் சம்பா விதைநெல் கிடைக்கும்.

"மூணு தடவ வந்துட்டேம்மா. வெள்ளிக்கிழமையோட லிஸ்ட்ட முடிக்கிறாங்க. அஞ்சு மா நெலம், ஒண்ணரை ஏக்கருக்கு மேல, உழுது கெடக்கு. கடையில வாங்குனா மொளைக்குமோ மொளைக்காதோ, யாரு கண்டா."

அவர் முறை வந்தது. செயலாளர் நிமிராமலே சொன்னார். "பழைய ரிஜிஸ்டர் எங்க இருக்குன்னு தேடணும். நாளைக்கு வாம்மா."

அதற்குமேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. முதல் நாற்காலியிலிருந்த கட்டுகளை அள்ளி அவர் மேசைமேல் வைத்தேன். புகை மாதிரி தூசி எழும்பியது. "அக்கா, உக்காருங்க" என்றேன்.

செயலாளர் எழுந்துவிட்டார். "யாருங்க நீங்க?"

"இந்த நாற்காலிய வரைஞ்சவ."

ஒரு நொடி முறைத்தார். பிறகு அவருக்கும் ஏறிவிட்டது. "ஓ, நீங்கதானா மேடம் அது? நல்லாயிருக்குங்க. இங்க ரெண்டு பீரோ இருந்துச்சு. ஜன்னல மறைக்குதுன்னு எடுக்கச் சொன்னீங்க. எடுத்தாச்சு. இந்தக் கட்டெல்லாம் நான் எங்க வைக்கிறது, என் தலையிலயா? கீழ வச்சா எலி கடிக்குது."

அவர் சொன்னது உண்மை. என் வரைபடத்தில் வெளிச்சம் இருந்தது, காற்று இருந்தது, நாற்காலி இருந்தது. அந்த அலுவலகத்தின் முப்பது வருடப் பேப்பருக்கு இடம் இல்லை. எல்லாம் சீக்கிரம் கம்ப்யூட்டருக்குள் போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு அலமாரிகூடப் போடவில்லை. தப்பு என்னுடையது, மற்றவர்மேல் போட வழியில்லை.

அதைவிட வலித்தது இன்னொன்று. நாற்காலி காலியான பிறகும் செல்வராணி உட்காரவில்லை. செயலாளர் முகத்தைப் பார்த்தார், "வேணாம்மா, இருக்கட்டும்" என்றார், காலை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் படியிறங்குவதற்குள் செயலாளர் கட்டுகளைத் திரும்ப நாற்காலியில் வைத்துவிட்டார்.

"ரேக் போட்டுத் தரேங்க. நாளைக்குப் பத்தரைக்குள்ள" என்றேன். "ஆனா நாற்காலியும் இங்கதான் இருக்கும்."

"உங்க செலவுன்னா என்னமோ செஞ்சுக்குங்க" என்றார்.

கீழ்வேளூர் திரும்பி, டவுன் பஸ் பிடித்துத் திருவாரூர் போனேன். கீழ்வேளூரிலிருந்து 13 கிலோமீட்டர், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அங்கே ஜப்பார் பாய் பழைய பர்னிச்சர் கடை வைத்திருக்கிறார். துபாயில் பதினான்கு வருடம் ஆபீஸ் இன்டீரியர் வேலை பார்த்தவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர், வாய் மட்டும் இருபது வயது பெரியது. நடந்ததைச் சொன்னேன்.

"அங்கல்லாம் வெயிட்டிங் ஹாலுக்குச் சேர் வாங்குறதுக்கு முன்னாடி, ஒரு ஆளு எவ்வளவு நேரம் உக்காருவாருன்னு கேப்பாங்க மேடம். இங்க யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா பதில் சொல்லணும்ல?"

நாற்காலியைத் தரையோடு முடுக்கிவிடலாமா என்று கேட்டேன். சிரித்தார். "முடுக்குனா மட்டும் கட்டு வைக்க மாட்டாரா? பலகைன்னு ஒண்ணு படுத்துக் கெடந்தா எதையாச்சும் வைக்கத்தான் தோணும். ஆள் உக்காந்தா சேரா இருக்கணும், எந்திரிச்சா செவுரா ஆயிடணும்."

கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். கல்யாண மண்டபமாக மாறிப்போன ஒரு சினிமாக் கொட்டகையிலிருந்து வாங்கிப் போட்ட இருக்கைகள், நாற்பது இருக்கும். கிழிந்த மெத்தையை எடுத்துவிட்டுப் பலகை அடித்துவைத்திருந்தார். உட்கார்ந்தேன். எழுந்ததும் பலகை டப்பென்று தானாக மேலே போய் முதுகோடு ஒட்டிக்கொண்டது. சின்ன வயதிலிருந்து எத்தனை படம் பார்த்திருக்கிறேன், இது என் புத்திக்கு எட்டவே இல்லை. நான்கை எடுத்துக்கொண்டேன், ஒன்று 650 ரூபாய். கடைகளில் சரக்கு அடுக்குகிற ஆங்கிள் ரேக் ஒன்று, ஏழடி உயரம், 4,200. லாட்ஜ் 900. குளியலறைக் கதவு சாத்தாது, மற்றபடி பரவாயில்லை.

வியாழன் காலை 7.45க்குக் குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம், வாடகை 1,100. அலுவலகத்தைக் கூட்டுகிற அம்மா திறந்துவிட்டார். ரேக்கை ஜன்னல் இல்லாத சுவரில் நிறுத்தி, கட்டுகளை வருட வாரியாக அடுக்கினோம், விதைப் பொட்டலங்களும் பிரிண்டரும் மேல்தட்டுக்குப் போயின. எனக்குத் தும்மல் நிற்கவில்லை. நான்கு இருக்கைகளையும் மேசைக்கு எதிரே தரையில் முடுக்கினார் பாய். பலகை தரையிலிருந்து 43 சென்டிமீட்டர். உட்கார்ந்தால் செயலாளரின் கண்ணும் வருகிறவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும், அதை நானே உட்கார்ந்து அளந்து பார்த்தேன். பழைய ஐந்து நாற்காலிகளையும் வராந்தாவில் வரிசையாகப் போட்டோம். மடங்கும் இருக்கைகளுக்கு நடுவே கைப்பிடி இருப்பதால் யாரும் யாரையும் ஒட்ட வேண்டியதில்லை.

பத்து மணிக்குச் செயலாளர் வந்தார். ரேக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது, இல்லை என்று சொன்னால் பொய். பிறகு பழக்க தோஷத்தில் ஹெல்மெட்டை ஒரு இருக்கைமேல் வைக்கப் போனார். பலகை மடங்கியே இருந்தது. கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு வைத்தார். கையை எடுத்தார். ஹெல்மெட் உருண்டு வாசல்வரை போனது. பாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

10.40க்குச் செல்வராணி வந்தார். நான் எதுவும் சொல்லவில்லை, முந்தின நாள் சொல்லிப் பட்டது போதும். அவர் இருக்கையைப் பார்த்தார். "சினிமாக் கொட்டா சேரு மாதிரியில்ல இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பலகையைக் கையால் தாழ்த்தி, மெதுவாக உட்கார்ந்தார். காலை நீட்டி முழங்காலைத் தடவிக்கொண்டார். அதில் வேறு எதையும் வைக்க முடியாது என்பதாலோ என்னவோ, யாரையும் கேட்கவும் இல்லை.

செயலாளர் திரையைப் பார்த்தபடி, "சர்வர் வரலம்மா. நாளைக்கு வா" என்றார்.

நேற்று இதே வார்த்தைக்குத்தான் அவர் திரும்பிப் போனார். இன்று அசையவில்லை.

"பரவாயில்லைங்க. நான் உக்காந்திருக்கேன்."

"எப்ப வரும்னு தெரியாதும்மா."

"வரட்டுங்க. இங்கதான இருக்கேன்."

"சாப்பாட்டு நேரமாயிடும்."

"கட்டிக்கிட்டு வந்திருக்கேங்க" என்று மடியிலிருந்த தூக்குவாளியைக் காட்டினார்.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "அப்ப நானும் இருக்கேங்க" என்றார். செயலாளர் திரையைப் பார்த்தார். நிமிர்ந்தால் செல்வராணியின் முகம், நேருக்கு நேர். கொஞ்ச நேரம் பேப்பரைப் புரட்டினார், நிமிர்ந்தார், அதே முகம். 11.50க்கு எழுந்துபோய் ரேக்கில் தேடினார். பழைய ரிஜிஸ்டர் பத்து நிமிடத்தில் கிடைத்தது. சர்வர் இல்லாமலே கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, விதை லிஸ்ட்டில் பெயரைச் சேர்த்தார். மணி 12.25. செல்வராணி எழுந்தார், பலகை டப்பென்று மடங்கியது.

செயலாளர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இதுக்குத்தான் மேடம் நான் சேரே வேணாம்னேன்."

"இதுக்குத்தாங்க நான் வேணும்னேன்" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் எல்லாம் புரிந்தது. நிற்கிறவரை அனுப்பிவிடலாம், அவர் ஏற்கெனவே பாதி கிளம்பினவர். உட்கார்ந்தவருக்கு வேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டும். இடம் இல்லை, செலவு ஆகும், மக்கள் உட்கார மாட்டார்கள் என்று இத்தனை வருடம் என்னிடம் சொல்லப்பட்ட காரணங்களுக்குப் பின்னால் இருந்தது இந்தப் பயம்தான். செயலாளர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஒற்றை ஆளாக அத்தனை பேரைச் சமாளிக்கிறார். அதற்கு இன்னொரு ஆளைப் போடச் சொல்லிக் கேட்க வேண்டியதுதானே, வருகிறவர் காலில் ஏன் அதை ஏற்ற வேண்டும்?

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தஞ்சாவூரிலிருந்து காலை ஆறரைக்குள் கிளம்பினால் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். கீழ்வேளூரிலிருந்து உள்ளே போக ஆட்டோதான் வழி, இரண்டு பக்கத்துக்கும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பையில் ஒரு அளவு டேப் இருக்கட்டும். பொது இடத்து இருக்கையை அளந்தால் யாரும் தடுப்பதில்லை, பைத்தியம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அலமாரியை எடுக்கச் சொல்வதற்கு முன்னால் அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள். இது எனக்கே சொல்லிக்கொள்வது. எந்த அலுவலகமானாலும், உட்காரச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

ஆறு கிளைகளுக்கும் மடங்கும் இருக்கையோடு புது வரைபடம் அனுப்பிவிட்டேன். இருக்கையை எடுத்தால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். நேற்று குழுவிலிருந்து போன் வந்தது. பரிசீலனையில் இருக்கிறது, முடிவைத் தபாலில் தெரிவிப்போம், நீங்கள் வர வேண்டியதில்லை என்றார்கள். வருகிற புதன்கிழமை அவர்கள் கூட்டம். மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறேன்.