சுரண்டிய அம்புக்குறி

நிழலைப் பார்த்து ஆராய்ச்சி வயலைத் தேர்ந்தெடுத்த ஒரு மனிதரிடம் நான் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். எழுபதுகளில், தூத்துக்குடியில் ஒரு விவசாயத் திட்டத்தின் ஆபீசில் நான் வயல் உதவியாளன். துறைமுகத்தில் யூரியா மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்தது. வயலில் போடும் அந்த உரத்தில் பயிருக்குப் போவது எவ்வளவு, தண்ணீரோடு ஓடிக் குளத்தில் சேருவது எவ்வளவு, வரப்பை உயர்த்தி மடையை அடைத்தால் ஓட்டம் குறையுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. கேள்வியில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பதில் தேட அனுப்பப்பட்ட ஆபீசரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையில் ஒரு பெரிய மருதமரம். ஜீப் அதன் கீழே நின்றது. ஆபீசர் இறங்கவில்லை. கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் வெளியே வைத்து, ஷூவில் சேறு படாத தூரத்திலிருந்து கையை நீட்டினார். "இந்த ரெண்டு வயலும் போதும். ஜீப்பு நிக்க நெழல் இருக்கு." அவ்வளவுதான் ஆராய்ச்சித் தளத் தேர்வு. பிற்பாடு அறிக்கையில் இதற்கு அரைப் பக்கத்துக்கு இங்கிலீஷில் காரணங்கள் எழுதினார். அந்த அரைப் பக்கத்தில் நிழல் வரவே இல்லை.

அந்த இரண்டு வயல்களும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருந்தன. அந்தப் பக்கம் வயலுக்கு வயல் பாய்ச்சல்தான் வழக்கம். மேல் வயலில் நிரம்பிய தண்ணீர் மடை வழியாகக் கீழ் வயலில் இறங்கும், அங்கிருந்து அடுத்ததில். கடைசியில் எல்லாம் ஊர்க் குளத்தில் போய் விழும். ஆபீசர் மேல் வயலை வழக்கம்போலவே விட்டுவிட்டு, கீழ் வயலில் மட்டும் வரப்பை உயர்த்தி மடையை அடைக்கச் சொன்னார். எதில் உரம் அதிகமாக வெளியேறுகிறது என்று ஒப்பிட வேண்டுமாம்.

கீழ் வயலைக் குத்தகைக்குப் பயிரிட்டது ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். குளத்தங்கரையிலேயே வீடு. குளம் இரண்டு வருஷமாகப் பச்சைப் பாசி பிடித்து நாறியது. குடிக்க வேறு தண்ணீர் இல்லை. அவளுடைய சின்ன மகளுக்கு வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை. வரப்பால் பலன் உண்டு என்று அறிக்கை வந்தால் எல்லா வயல் மடைகளையும் அடைக்கச் சொல்வோம், குளத்தில் விழாமல் தனி வடிகால் வெட்டுவோம் என்று ஊர்க் கூட்டத்தில் ஆபீசர் வாய் நிறையச் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அக்கா வயலைக் கொடுத்தாள். வரப்பையும் தானே மண் வெட்டிப் போட்டு உயர்த்தினாள்.

முதல் நாளே அவள் கேட்டாள். "சார், மேல வயத் தண்ணி பூரா நம்ம வயலுக்குள்ளதான் எறங்குது. நான் மடைய அடைச்சிட்டா அந்தத் தண்ணி எங்கன போவும்? அவங்க போட்ட யூரியாவுஞ் சேந்துல்லா வரும்?"

"இது ரிசர்ச்சும்மா. ஒனக்குப் புரியாது" என்றார் ஆபீசர். பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னார். அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. நான் தலையை ஆட்டினேன். அவள் பக்கமா, அவர் பக்கமா என்று யாரும் சொல்ல முடியாத ஓர் ஆட்டல்.

மனம் கேட்காமல், வயல்களின் படம் வரையும்போது மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்குத் தடித்த அம்புக்குறி ஒன்று போட்டேன். அக்காவிடம் காட்டினேன். "இதுதான் தண்ணி வார வழி. பெரிய ஆபீசுல இதப் பாத்தாலே வெளங்கிரும்." அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் படத்தை விரலால் தடவிப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "அப்ப சரி தம்பி. நீ எழுதிட்டேல்லா" என்றாள்.

பிசானப் பருவம் முழுவதும், நடவிலிருந்து அறுப்பு வரை, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்து அனுப்பினோம். அவள் சொன்னபடியேதான் நடந்தது. மேல் வயல் யூரியாவும் சேர்ந்து இறங்கி, உயர்த்திய வரப்பையும் தாண்டி வழிந்தது. கீழ் வயல் தண்ணீரில்தான் உரம் அதிகம் என்று முடிவு வந்தது. யாரும் எதிர்பார்க்காத முடிவு, பேர் வாங்கிவிடலாம் என்று ஆபீசருக்கு ஒரே குஷி. வரப்பை உயர்த்துவதால் பலன் இல்லை, கேடுதான் என்று டைப்பிஸ்டைக் கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கினார். சப்புக்கொட்டிக்கொண்டு சொன்னார்.

அப்புறம் என் படத்தைப் பார்த்தார். "இந்த அம்பு எதுக்கு? பாக்குறவன் நூறு கேள்வி கேப்பான். எடுத்துரு."

"சார், தண்ணி அப்படித்தான் சார் போவுது."

"நீ டிப்ளமாதானலே படிச்சிருக்க?"

டிரேசிங் தாளில் இந்தியன் இங்கைச் சவர பிளேடால்தான் சுரண்ட வேண்டும். தாள் கிழியாமல் சுரண்டுவதில் அந்த ஆபீசிலேயே எனக்குத்தான் பேர். அன்றும் தாள் கிழியவில்லை. எவ்வளவு அழகாகச் செய்தேன் என்று நினைத்தால் இப்போதும் என் கையைப் பார்க்கக் கூசுகிறது.

அறிக்கை அச்சாகி வந்தது. ஆபீசருக்குப் பதவி உயர்வும் வந்தது. மேல் வயல்காரர்கள் "ஆபீசே சொல்லிட்டு" என்று மடைகளை இன்னும் அகலமாகத் திறந்தார்கள். வடிகால் பேச்சை எடுக்க ஆள் இல்லை.

ஒரு நாள் அக்கா தூத்துக்குடி ஆபீசுக்கே வந்துவிட்டாள். கையில் தூக்குவாளி நிறையக் குளத்துத் தண்ணீர், கொத்தமல்லித் துவையலைக் கரைத்தது போல. ஆபீசர் அதை எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். அக்கா சுவரில் ஒட்டியிருந்த அச்சடித்த படத்தை அடையாளம் கண்டு அதன் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் தேடினாள்.

"இங்கன ஒரு அம்பு போட்டிருந்தியே தம்பி?"

"அச்சுல விழலக்கா" என்றேன்.

அவள் அதையும் நம்பினாள். "அச்சடிக்கிற மூதிக்கு வயலப் பத்தி என்ன தெரியும்? நீ சரியாத்தான் போட்ட" என்று யாரோ ஒரு அச்சுக்காரனைத் திட்டிவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸுக்குப் போனாள்.