லூயிஸுக்கு வெள்ளை, அலிக்குச் செவப்பு

இட்லிக் கடை பொன்னுத்தாய் புருஷன விட்டுப் பிரியப் போறாளாம். அதுக்கு ஸ்ரீரங்கம் போயி ஆத்தா முன்னாடி பூக் கட்டிப் பாத்தாளாம். "போயிரு"ன்னு உத்தரவும் வந்துருச்சாம். புத்தூர் பூரா இதான் பேச்சு. கேட்டவங்க சும்மாவா விட்டாங்க? ஆளுக்கு ஒரு கை உப்பு, ஒரு கை மொளகாப்பொடி தூவித்தான் அடுத்த காதுக்கு அனுப்புனாங்க. கடைசியா என் காதுக்கு வர்றப்ப, பொன்னுத்தாய் பெட்டியே கட்டிட்டா.

உள்ளது என்னன்னு சொல்றேன், கேளுங்க.

பொன்னுத்தாய்க்குப் புத்தூர்ல, ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி சந்துல கடை. புருஷன் நல்லதம்பி சாமான் ஏத்துற குட்டியானை வண்டி ஓட்டுறாரு. மகன் இளவரசன் காலேஜ்ல குத்துச்சண்டை போட்டவன். சென்னைக்கு வேலைக்குப் போறப்ப பழைய போன அம்மாகிட்ட குடுத்துட்டுப் போனான். அதத் தொறந்தா சமையல் வருமா, கோலம் வருமா? ஒரே குத்துச்சண்டை. மொதல்ல கண்ண மூடிக்கிட்டா. அப்புறம் ஒரு கண்ணத் தொறந்தா. ஒரு மாசத்துல, மாவாட்டுற மிசினுக்கு மேல போனச் சாய்ச்சு வச்சுக்கிட்டு, ஹெவிவெயிட் சாம்பியன் ஒருத்தர் விடாம பாத்து முடிச்சுட்டா.

அவ மனசு ஜோ லூயிஸுகிட்ட போயி நின்னுச்சு. கருப்பு வெள்ளைப் படத்துல வர்ற ஆளு. சத்தம் கெடையாது, ஆட்டம் கெடையாது. கை நகர்ந்ததே தெரியாது, எதிராளி தரையில கெடப்பான். தோசையத் திருப்புற மாதிரி அவ்வளவு சின்ன அசைவுன்னு பொன்னுத்தாய்க்கு ஒரே பூரிப்பு.

நல்லதம்பிக்கு முகமது அலிதான். கையத் தொங்கப் போட்டுக்கிட்டு, வாயாலயே பாதி அடி அடிச்சுட்டு, சுத்திச் சுத்தி வருவாரு பாருங்க, அது அவருக்குப் பிடிச்சுப் போச்சு. தில்லை நகர் கிராஸ்ல ஆட்டோ வர்ற மாதிரி, எந்தப் பக்கம் நுழைவாரு, எந்தப் பக்கம் வருவாருன்னு எவனுக்கும் தெரியாதும்பாரு. உன் லூயிஸு லாரி, நேராத்தான் வரும், ஒதுங்கி நின்னா போயிரும்னு ஒரு நாள் சொல்லிப்புட்டாரு.

அன்னைக்கு அவருக்குச் சாம்பார் இல்ல.

இதுல வம்பு என்னன்னா, அந்த ரெண்டு பேரும் மோதுனதே இல்ல. லூயிஸு கையுறையக் கழட்டுனப்ப அலி சின்னப் பையன். அதனால யாரு சொல்றதையும் யாரும் தப்புன்னு நிரூபிக்க முடியாது. அப்படிப்பட்ட சண்டை லேசுல ஓயுமா? காலையில சட்னி அரைக்கிறப்ப ஆரம்பிக்கும். கஸ்டமரு வந்தா அவங்களையும் இழுத்துக்கும். மாத்திரை போட இட்லி வாங்க வந்த ஒரு பெரியவரு, யாரு பக்கமும் பேச மாட்டேன்னு சொல்லிட்டு ரொட்டி வாங்கிட்டுப் போயிட்டாரு. கடைசியில நல்லதம்பி கோவிச்சுக்கிட்டு எதுத்த கடையில பரோட்டா தின்ன ஆரம்பிச்சாரு. பொண்டாட்டி கண்ணு முன்னாடியே.

மனுசங்க தீர்க்க முடியாதத ஆத்தாகிட்டதானே கேக்கணும்? பொன்னுத்தாய் அதத்தான் செஞ்சா. புத்தூர்ல கேட்டா தெரிஞ்சவங்க பாத்துருவாங்கன்னு, ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போயிட்டா. மேலூர் ரோட்டுல ஒரு சின்ன மாரியம்மன் கோயில். வெள்ளப் பூவு லூயிஸுக்கு, செவப்பு அலிக்கு. ரெண்டையும் தனித்தனியாக் காகிதத்துல மடிச்சு, ஆத்தா காலடியில வச்சு, நல்லாக் கும்புட்டுட்டு, பக்கத்துல ஒரு அம்மா இடுப்புல இருந்த கொழந்தைய, ஒரு பொட்டலத்த எடுக்கச் சொன்னா. பிரிச்சுப் பாத்தா செவப்பு.

அத மடியில சொருகிட்டு, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வெளிய வந்தா. வீட்டுல மூச்சு விடல.

ஆனா அன்னைக்குன்னு பாத்து அங்க ஆனந்தவள்ளி நின்னுருக்கா. தில்லை நகர் கிளினிக்குல டோக்கன் போடுறவ, எதுத்த பரோட்டாக் கடைக்கு வந்து போறவ. புருஷன் பொண்டாட்டி பேச்சு வார்த்தை இல்ல, அவரு வெளிய திங்கிறாரு, இவ தனியா வந்து பூக் கட்டுறா, அழுத மூஞ்சியோட போறா. வேற என்னன்னு நெனைப்பா? மறுநாள் கிளினிக்குல டாக்டரு வர லேட்டு. திருவெள்ளறையிலேருந்து பிரஷர் பாக்க வந்தவங்க, பிரஷரோட இந்தக் கதையையும் சேத்து ஊருக்கு எடுத்துக்கிட்டுப் போனாங்க.

திருவெள்ளறையிலதான் இருளாயி இருக்கா. பொன்னுத்தாய் மக யாழினிய, தன் மகன் பூவரசனுக்குப் பேசி வச்சிருக்கிற சம்பந்தியம்மா. வெள்ளிக்கிழம தட்டு மாத்தணும். யாழினி பொடவைக்கு ரவிக்கையே தச்சு வாங்கிட்டா. பிரியப் போற குடும்பத்துல பொண்ணு எடுக்கவான்னு இருளாயி அடுத்த பஸ்ஸப் புடிச்சா.

அவ வர்ற சேதி பூவரசன் போன்ல முன்னாடியே வந்துருச்சு. லூயிஸா அலியான்னு பூக் கட்டுனத மட்டும் பொன்னுத்தாய் வீட்டுல ஒத்துக்கிட்டா, எது வந்துச்சுன்னு சொல்லல. யாழினி அம்மா கையப் புடிச்சுக்கிட்டா. குத்துச்சண்டைக்குப் பூக் கட்டுனேன்னு சொன்னா பைத்தியக் குடும்பம்னு எந்திரிச்சுப் போயிருவாங்க, கல்யாணத் தேதி கேக்கத்தான் கட்டுனோம்னு சொல்லிருவோம்னு கெஞ்சுனா. நல்லதம்பியும் தலைய ஆட்டுனாரு. பொன்னுத்தாய்க்கு இதுல ஒரு நிம்மதி வேற, செவப்பு வந்தத வெளிய சொல்ல வேண்டாம் பாருங்க.

இருளாயி கடை பெஞ்சுல வந்து உக்காந்தா. தண்ணி குடிக்கல. நேரா விசயத்துக்கு வந்தா. யாழினி தேதிக் கதையச் சொன்னா. இருளாயி மூஞ்சி கொஞ்சம் எளகுச்சு.

"சரி, எந்த மாசம் வந்துச்சு?"

"ஆவணி"ன்னாரு நல்லதம்பி.

"தை"ன்னா யாழினி.

ரெண்டும் ஒரே நேரத்துல வந்துச்சு. இருளாயி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா. பைய எடுத்துத் தோள்ல மாட்டுனா. ஒரு கால் செருப்புக்குள்ள போயிருச்சு. யாழினிக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சு.

பொன்னுத்தாய் கரண்டியக் கீழ வச்சா.

"சம்பந்தி, உக்காருங்க. பொய் சொன்னாங்க. உள்ளத நான் சொல்றேன்."

போன எடுத்து இருளாயி கையில குடுத்து, இவரு லூயிஸு, இவரு அலின்னு ரெண்டு பேரையும் ஓட விட்டா. இருளாயி நின்னுக்கிட்டே பாத்தா. அப்புறம் செருப்பக் கழட்டிட்டு உக்காந்து பாத்தா. அலி ஆடுற ஆட்டத்தப் பாத்து, "இவன் என்ன வரப்பு மேல ஓடுற மாதிரியே ஓடுறான்?"ன்னா. லூயிஸு ஒருத்தன சாச்சதும், திருப்பிப் போடச் சொன்னா. நாலு இட்லி வைக்கச் சொல்லிட்டு, ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"அப்ப பிரியறதுக்கு இல்லியா?"

பரோட்டாக் கடைக்காரரு, ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க, எல்லாரும் காதத் தீட்டிக்கிட்டு நின்னாங்க. நல்லதம்பி கையில இருந்த இட்லித் தட்ட மறந்துட்டு பொண்டாட்டி வாயையே பாத்தாரு. பொன்னுத்தாய் சந்து முழுக்கக் கேக்குற மாதிரிச் சொன்னா:

"இவர விட்டுப் பிரியறதுக்கு நான் எதுக்குங்க ஆத்தாவத் தொந்தரவு பண்ணப் போறேன், வெளிய தள்ளிக் கதவச் சாத்துனா முடிஞ்சு போச்சு. நான் கேட்டது லூயிஸா அலியான்னு. வந்தது அலி. ஆனா அந்தக் கொழந்த இடது கையால எடுத்துச்சு, அது செல்லாது."